வலைத்தள வேலைக்குப் போகும் பிள்ளை எதைக் காட்டுவது?



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் வீடுகளுக்குக் கொஞ்சம் புதியது. ஆனால் செங், பாயா ரும்புட், குருபோங், பத்து பிரண்டாம் வட்டாரங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. பிள்ளை டிப்ளோமா முடித்திருக்கிறான்; இரவு இரண்டு மணி வரை கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறான்; கேட்டால், "சவால் கணக்குப் போடுகிறேன், அம்மா" என்கிறான். மூன்று மாதம், ஆறு மாதம் ஆகிறது. வேலை வந்தபாடில்லை. "இவன் உண்மையிலேயே படிக்கிறானா, விளையாடுகிறானா?" என்று பெற்றோருக்கு ஐயம். தோட்டத்தில் செம்பனைக் குலை சுமந்தும், செங் தொழிற்பேட்டையில் இரவு நேர வேலை பார்த்தும் கட்டணம் கட்டியவர்களுக்கு அந்த ஐயம் எழுவதில் தவறில்லை.

வலைத்தளம் அமைப்பவர் என்றால் யார் என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் கைத்தொலைபேசியில் மின்சாரக் கட்டணம் கட்டுகிறீர்கள், பேருந்துச் சீட்டு வாங்குகிறீர்கள். அப்போது கண்ணுக்குத் தெரியும் பக்கத்தையும், பொத்தானை அழுத்தியதும் பின்னால் நடக்கும் வேலையையும் எழுதி வைப்பவர் அவர். பக்கத்தின் எலும்புக்கூட்டை எச்.டி.எம்.எல். என்னும் மொழியிலும், அதன் நிறத்தையும் அளவையும் சி.எஸ்.எஸ். என்பதிலும், அதன் அசைவையும் செயலையும் ஜாவாஸ்கிரிப்ட் என்பதிலும் எழுதுவார்கள். இந்த வேலைக்கு மனுப் போடுகிறவரிடம் சான்றிதழ் மட்டும் கேட்பதில்லை. "நீ செய்ததைக் காட்டு" என்று கேட்கிறார்கள். செய்தவற்றை ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும் பக்கத்துக்குப் போர்ட்ஃபோலியோ என்று பெயர். நாம் அதைப் 'படைப்புத் தொகுப்பு' என்போம்.

இந்தத் தொகுப்பில் எதை வைப்பது? பயிற்சிக்காகப் போட்ட சவால் கணக்குகளையா, தானாக நினைத்துச் செய்த சொந்தப் படைப்புகளையா? இன்றைய கேள்வி இதுதான்.

பால்வெட்டு பழகிய கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர் கையில் நல்ல மரத்தை யாரும் கொடுக்கமாட்டார்கள். வெட்டிச் சாய்க்கப்போகிற பழைய மரத்தில் பழகச் சொல்வார்கள். பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடக்கூடாது. அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கை நிற்க வேண்டும். அதிகம் போனால் மரத்துக்குக் காயம், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். குறைவாகச் சீவினால் பால் வராது. இந்தக் கைப்பதம் பழைய மரத்தில் நூறு முறை வெட்டித்தான் வரும். ஆனால் பழைய மரத்தில் அழகாக வெட்டிவிட்டார் என்பதற்காக அவரை வெட்டுக்காரர் என்று எந்தக் கங்காணியும் பெயர் பதியவில்லை. இருட்டோடு எழுந்து, தன் பங்கு மரங்கள் முழுவதையும் வெட்டி, மழை வருமுன் பாலெடுத்து, எடைபோடும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அந்தப் பெயர். நிலம் மேடு பள்ளமாக இருக்கும், ஒரு மரம் இடப்புறம் சாய்ந்திருக்கும், மங்கு உடைந்திருக்கும். பழகு மரத்தில் இவை எதுவும் இல்லை.

சவால் கணக்கு என்பது பழகு மரம்.

அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறோம். 'ஒரு சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பு', 'இந்த எண்களில் இரண்டு முறை வந்தது எது என்று கண்டுபிடி' என்று கேள்வி வரும். பிள்ளை நிரல் எழுதுவான். இயந்திரமே அதைச் சோதித்துச் சரி அல்லது தவறு என்று சொல்லிவிடும். லீட்கோட், ஹேக்கர்ரேங்க் போன்ற தளங்களில் இத்தகைய கேள்விகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஹேக்கர்ரேங்கைத் தொடங்கிய இருவரும், விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி, திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர்கள். மனுதாரர்களை ஒரே அளவுகோலில் சோதித்துத் தேர்ந்தெடுக்க நிறுவனங்களுக்கு ஒரு வழி வேண்டும் என்பதற்காகவே அதை அமைத்தார்கள். ஆகவே, 'சவால் கணக்கு வீண் வேலை' என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பல, மனுவை வாங்கிய கையோடு இத்தகைய கணக்கைத்தான் நேரம் வைத்துப் போடச் சொல்கின்றன. அந்த வாசலைத் தாண்டப் பயிற்சி வேண்டும். தினம் ஒரு மணி நேரம் அதற்குப் போவது நியாயமே.

ஆனால் வாசலைத் தாண்டுவது வேறு, உள்ளே போய் உட்கார்ந்து பேசுவது வேறு. நம் உறவில் ஒரு பிள்ளைக்கு இது நேர்ந்தது. முந்நூறு கணக்குக்கு மேல் போட்டு முடித்திருந்தான். அந்த எண்ணிக்கையைத் தொகுப்பின் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். பேர் சொல்ல வேண்டியதில்லை. எதிரே இருந்தவர் அந்த எண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "சரி தம்பி, யாராவது உண்மையில் பயன்படுத்துகிற தளம் ஒன்று செய்திருக்கிறாயா?" என்று கேட்டாராம். பிள்ளையிடம் இருந்தவை ஒரு கணிப்பான், ஒரு வானிலைப் பக்கம், ஒரு 'செய்யவேண்டியவை' பட்டியல். மூன்றும் பாடக் காணொளியைப் பார்த்து அப்படியே தட்டியவை. "ஏன் இப்படி அமைத்தாய்?" என்று கேட்டதற்கு, "பாடத்தில் அப்படித்தான் இருந்தது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

பிள்ளை சோம்பேறி அல்லன். பழகு மரத்திலேயே நின்றுவிட்டான், அவ்வளவுதான்.

பயிற்சிக் கணக்கில் கேள்வியை வேறொருவர் கேட்டுவிடுகிறார். சரியான விடையும் முன்கூட்டியே இருக்கிறது. வேலையிலோ கேள்வி என்ன என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. இதற்கு நம் மொழியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் இன்றிரவே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதலாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று வரும். கணினி ஒருங்குறி முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தைத் தனித்தனியே வைத்திருக்கிறது. இனி அந்தத் 'திருப்பு' கணக்கைப் பார்ப்போம். ஆங்கிலச் சொற்களுக்கு எல்லாச் சோதனையிலும் 'சரி' என்று பச்சை விளக்கு எரிந்த அதே நிரலில் 'தமிழ்' என்று கொடுத்தால், முன்னால் ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்க, அதன்பின் 'ழிமத' என்று வரும்! வரிசைப்படுத்துவதும் அப்படியே. அகராதி முறைப்படி கமலா முன்னால், கனகா பின்னால். மகரத்துக்குப் பிறகுதானே றன்னகரம்? ஆனால் ஒருங்குறி அட்டவணையில் 'ன' என்பது 'ம'வுக்கு முன்னால் நிற்கிறது. எனவே எளிய முறையில் அடுக்கினால் கனகா முந்திக்கொள்வார். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தமிழில் போட முயன்ற பிள்ளைக்குத்தான் இது தெரியவரும். தமிழுக்குரிய வரிசையை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டு வாங்கும் வழி உண்டு, எழுத்தை எழுத்தாகப் பிரிக்கும் வழியும் உண்டு என்று தேடிக் கற்றும் கொள்வான். முந்நூறு கணக்கு போட்டும் கண்ணில் படாத ஒன்றை, ஒரு பெயர்ப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சொந்தத் தேவையிலிருந்து பிறந்த படைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், கணினியில் தமிழை எழுத வேண்டும் என்ற தேவைக்காக 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். இதைச் செய் என்று அவருக்கு யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. அது முரசு அஞ்சலாக வளர்ந்தது; பின்னர் கைத்தொலைபேசிக்குச் செல்லினம் வந்தது; அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. நாம் இன்று தொலைபேசியில் தமிழில் செய்தி தட்டுகிறோமே, அதற்குப் பின்னால் ஒரு மலேசியத் தமிழரின் கையும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் முத்து நெடுமாறன் ஆகிவிடுவார்கள் என்று நாம் ஆசை காட்டவில்லை. தேவை எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே கை வைத்தார் என்பதைத்தான் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் ஸோஹோ நிறுவனம் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்காமல், பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துத் தன் சொந்தப் பள்ளியில் மென்பொருள் கற்றுக்கொடுக்கிறது. தென்காசிப் பக்கத்திலும் இந்தப் பள்ளி நடக்கிறது. அங்கே வகுப்போடு விடுவதில்லை. நிறுவனத்தின் உண்மையான குழுக்களோடு சேர்ந்து வேலை பழகவும் விடுகிறார்கள். பழகு மரத்திலிருந்து சொந்த நிரைக்கு அவர்களே கைபிடித்து அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது, ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. படிக்கும் காலத்தில் தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஓரளவு கிடைக்கிறது. வீட்டிலிருந்து தானாகக் கற்கும் பிள்ளை தன் நிரையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது? வெகு தூரம் போக வேண்டாம்.

நாம் முன்னே சொன்ன அதே பிள்ளை என்ன செய்தான் என்று கேளுங்கள். அவனுடைய அத்தை தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்பவர். வாங்குபவர்கள் தொலைபேசியில் செய்தி அனுப்புவார்கள். யார் எத்தனை டப்பா கேட்டார், யார் பணம் கட்டினார் என்று ஆண்டுதோறும் குழப்பம். கடைசி இரண்டு நாளில் சண்டைகூட வரும். அதற்கு ஒரு தளம் செய்து தந்தான். பார்க்கச் சின்னதுதான். ஆனால் அதிலே வந்த சிக்கல்களைப் பாருங்கள். தோட்டத்து உள்பகுதியில் இணையம் மெதுவாக இருந்ததால், பொத்தானை அழுத்தியவர் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி மறுபடி அழுத்தினார். இரண்டு டப்பா நான்கு டப்பாவாகப் பதிவாகிவிட்டது. ஒரு முறை அழுத்தியதும் பொத்தானை முடக்கிவைப்பது எப்படி, அப்படியும் இரண்டாவது வந்தால் பின்னால் இருக்கும் கணினி அதை ஒரே கோரிக்கை என்று அறிந்துகொள்வது எப்படி என்று அவன் கற்க வேண்டியதாயிற்று. அத்தை எடுத்துக் கொடுத்த படங்கள் பெரியவை, பக்கம் திறக்கவே நேரமாயிற்று. படத்தைச் சுருக்கப் பழகினான். தீபாவளிக்கு ஐந்து நாளுக்கு முன் ஆர்டர் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்றார் அத்தை. தேதி பார்த்துத் தானே மூடிக்கொள்ளும்படி செய்தான். வயதான ஓர் அம்மா எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார், பெரிதாக்கினான்.

அடுத்த நேர்முகத் தேர்வில் இந்த இரட்டை ஆர்டர் கதையை மட்டுமே அரை மணி நேரம் பேசினானாம். கேட்டவர் துருவித் துருவிக் கேட்டார், இவனும் சொல்லிக்கொண்டே போனான். தன் கையால் பட்டதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

இத்தகைய தளத்தை உலகம் பார்க்க வைப்பதற்குச் செலவு அதிகமில்லை. கிட்ஹப் என்னும் தளத்தில் நிரலைச் சேமித்து வைக்கலாம். எளிய பக்கங்களை அங்கிருந்தே கட்டணமின்றி வெளியிடவும் செய்யலாம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால்தான் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது வெள்ளி ஆகும். தொடக்கத்தில் அது தேவையே இல்லை.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். சொந்தப் படைப்பில் உண்மையான மனிதர்களின் விவரம் வருகிறது. அத்தையின் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் ஆகியவற்றை உலகமே பார்க்கும் இடத்தில் வைத்துவிடக்கூடாது. தனிப்பட்ட விவரங்களைக் காப்பதற்கு நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்பிக் கொடுத்தவர்களின் எண்ணை ஏமாற்றுக்காரன் கையில் சேர்ப்பது எவ்வளவு பெரிய தீங்கு! தொகுப்பில் காட்டுவதற்குப் பொய்ப் பெயர்களையும் பொய் எண்களையும் போட்ட மாதிரிப் படி ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். அதுபோல, கடவுச்சொல்லையும் இரகசியச் சாவியையும் நிரலோடு சேர்த்துக் கிட்ஹப்பில் ஏற்றிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. பிறகு அந்தக் கோப்பை அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சாவியையே செல்லாததாக்கிப் புதிது வாங்குவதுதான் வழி.

இரண்டுக்கும் நடுவில் ஒருவகைப் பயிற்சியும் உண்டு. ஃபிரீகோட்கேம்ப் என்ற தளம் 2014ஆம் ஆண்டு முதல் வலைத்தளக் கல்வியை இலவசமாகத் தருகிறது. பாடங்களின் இடையே, சொன்ன விதிகளுக்கு ஏற்ப முழுப் பக்கத்தையே கட்டச் சொல்கிறது. ஃபிரண்ட்எண்ட் மென்டர் என்ற தளமோ ஒரு பக்கத்தின் வரைபடத்தைக் கொடுத்து, இதேபோல் கட்டு என்கிறது. வலைத்தள வேலைக்குச் சொல் திருப்பும் கணக்கைவிட இவை நெருக்கமானவை என்பது நம் கருத்து. ஆனால் அதே வரைபடத்தை ஆயிரம் பேர் கட்டியிருப்பார்கள். மனுக்களைப் பார்ப்பவர் அதை முன்பே பார்த்துச் சலித்திருப்பார். தொகுப்பில் இதில் ஒன்று வைக்கலாம். 'இது பயிற்சி' என்று வெளிப்படையாக எழுதியும் வைக்கலாம். வேறொருவரின் வரைபடத்தைத் தன்னுடையது என்று காட்டுவது மட்டும் கூடாது.

இப்போது இன்னொன்று சேர்ந்துகொண்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, சவால் கணக்கின் கேள்வியை அப்படியே கொடுத்தால் விடையை இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே முடித்த கணக்குகளின் எண்ணிக்கைக்கு முன்பிருந்த மதிப்பும் குறைந்துவிட்டது. சொந்தத் தளத்தையும் இயந்திரத்தைக் கொண்டு எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம்; எழுதலாம்தான். ஆனால் அத்தை என்ன சொன்னார், எதை மாற்றச் சொன்னார், ஏன் முதலில் செய்தது பொருந்தவில்லை என்பவற்றை இயந்திரம் அறியாது. அதைத்தான் நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள். எழுத இயந்திரத்தின் துணையை நாடிய பிள்ளையும், எழுதியதன் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தொகுப்பில் எத்தனை வைக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். பத்து வேண்டாம். இரண்டு அல்லது மூன்று, முழுதாக வேலை செய்பவை போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிமுகக் குறிப்பு இருக்க வேண்டும்: யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தது, இன்னும் என்ன குறை இருக்கிறது என்று. மலாயிலோ ஆங்கிலத்திலோ அதை எழுதட்டும். வேலை கொடுப்பவர் படிக்க வேண்டுமே. இணைப்பை அழுத்தினால் பக்கம் திறக்க வேண்டும். திறக்காத இணைப்பு, பூட்டிய கதவுக்கு முன் விருந்தாளியை நிறுத்தியதற்குச் சமம். சவால் கணக்கு போடும் பழக்கம் உண்டு என்பதை ஒரே வரியில் கடைசியில் குறித்தால் போதும், தலைப்பில் வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்? கணினி தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை செய்த பக்கத்தை உங்கள் தொலைபேசியில் திறந்து பாருங்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டு நீங்களாகவே அழுத்திப் பாருங்கள். எங்கே விரல் தடுமாறுகிறதோ, எந்தச் சொல் புரியவில்லையோ, அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆள் வைத்து இந்தச் சோதனையைச் செய்கின்றன. நம் பிள்ளைக்கு அது திண்ணையிலேயே கிடைக்கிறது. அந்த முறுக்குத் தளத்திலும், 'அனுப்பு' என்ற பொத்தான் திரையின் அடியில் ஒளிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவன் அம்மாதான்.